ஊழ் என்று யார் சொல்லலாம்?

தோட்டத்தில் ஒரு வீட்டில் பணம் பறிபோனால், நாலு பேர் வந்து உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "போன ஜென்மத்துல அவனுக்கு நீ கடன்பட்டிருந்த. கழிஞ்சிருச்சு, விடு." சாவு வீட்டிலும் விபத்து நடந்த வீட்டிலும் மகன் குடித்துச் சீரழிந்த வீட்டிலும் இதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கெட்ட எண்ணத்தில் சொல்பவர்கள் அரிது. ஆனால் இப்போது கைப்பேசி வழியாக நடக்கும் களவுக்கும் இதே வார்த்தையைச் சொல்கிறார்கள். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை நம் சமயத்துக்குள் நின்றே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் வினை உண்டு என்று நம்புகிறவள் நான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். வினையாவது ஒன்றாவது என்று சொல்லிவிடக் கூடியவர்களுக்கு இது கேள்வியே அல்ல. எனக்கு அந்த வழி இல்லை.

என் அம்மாவின் கடைசித் தங்கை, எங்கள் சின்னம்மா, விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, குலை வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் நடந்து உதிரிப் பழம் பொறுக்கினார். தோட்டத்து வேலைக்குப் பென்சன் கிடையாது. 55 வயதில் கைக்கு வந்த ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் மகள் கல்யாணமும் தாமான் வீட்டு முன்பணமும் போக, மிஞ்சியதைத் தொடாமல் வைத்திருந்தார். 18,000 வெள்ளிக்குச் சற்று மேல். அந்தப் பணத்துக்கு அவர் மனத்தில் ஏற்கெனவே வேலை ஒதுக்கியாகிவிட்டது. தன் சாவுச் செலவு, பதினாறாம் நாள் கருமாதி, பேத்தி மேல்படிப்புக்குப் போனால் முதல் தவணைக் கட்டணம், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பட்டுப்புடவை. பிள்ளைகள் முன்னால் கை நீட்டாமல் சாக வேண்டும் என்பது தோட்டத்தில் உழைத்த பெண்களுக்கு ஒரு விரதம் மாதிரி.

ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அழைப்பு வந்தது. முதலில் மலாயில் பேசிய குரல், இவர் தடுமாறுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறியது. "அம்மா, உங்க உதவித்தொகை நின்னு கிடக்கும்மா. கணக்கைப் புதுப்பிக்கலன்னா அடுத்த தவணை வராது." ஐ.சி. எண்ணைச் சரியாகச் சொன்னான். வீட்டு முகவரியைச் சொன்னான். கைப்பேசிக்கு டேக் நம்பர் என்ற உறுதி எண் ஒன்று வரும், அதைப் படியுங்கள் என்றான். கண்ணாடியைத் தேடி எடுத்துவரும் வரை பொறுமையாகக் காத்திருந்தான். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை எண்ணைப் படித்துக் காட்டினார் சின்னம்மா. வைக்கும்போது அவன், "நல்லா இருங்கம்மா" என்றான். இவர், "நீயும் பிள்ள குட்டியோட நல்லா இருய்யா" என்று வாழ்த்தியிருக்கிறார்.

பேரனுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் பணம் எடுக்கப் போனபோதுதான் கணக்கில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் சில நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பறிபோனதைவிட, பறிகொடுத்தவள் என்று பெயரெடுப்பதுதான் அவரை அதிகம் வதைத்தது. மகள் சத்தம் போட்டாள். மருமகன், "ஊருக்கே தெரிஞ்ச விஷயம் உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். போலீசில் புகார் கொடுத்தோம். வங்கிக்கு எழுதினோம். வங்கியிலிருந்து வந்த பதில் மரியாதையான மலாயில் இருந்தது. பரிவர்த்தனை வாடிக்கையாளரின் சொந்த எண்ணைக் கொண்டே உறுதி செய்யப்பட்டிருக்கிறது, எனவே பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றது. அதே வாரத்தில் கோயில் நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், வீட்டுக்கு வந்து அந்தப் பழைய ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அந்தக் கடிதத்தையும் அண்ணன் சொன்னதையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே தீர்ப்பு என்று எனக்குப் பட்டது. நீதான் கொடுத்தாய், உன் கணக்கு, உன்னோடு முடிந்தது என்கிறது ஒன்று. நீதான் கடன்பட்டிருந்தாய், உன் கணக்கு, உன்னோடு முடிந்தது என்கிறது மற்றது. பணம் போன வழியில் காவலுக்கு நின்றவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியை இரண்டுமே எழவிடவில்லை.

இதற்கிடையில் சின்னம்மா தனக்குத்தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "யாருக்கோ குடுக்க வேண்டியிருந்திருக்கு, குடுத்துட்டேன். அவன் நல்லா இருக்கட்டும்." அதைச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது. இந்த வார்த்தையோடு நான் வாதாடவே மாட்டேன். அண்ணன் சொன்னதும் சின்னம்மா சொன்னதும் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தானே சொன்னது சின்னம்மாவைத் தூக்கி நிறுத்தியது, அண்ணன் சொன்னது அவரை உட்கார வைத்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

பெரியபுராணத்தில் ஒருவர் இருக்கிறார். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துச் சிவனடியார் வேடத்தில் வந்தான். யாரிடமும் இல்லாத ஆகம நூல் ஒன்று தன்னிடம் இருக்கிறது, உபதேசிக்க வந்தேன் என்றான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். குத்தினான். ஓடிவந்த காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது, இவர் நம்மவர் என்று தடுத்து, ஊரார் கையில் சிக்காமல் அவனை எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னார் நாயனார். தத்தன் அதைச் செய்துமுடித்துத் திரும்பி வந்து சொன்ன பிறகே உயிர் பிரிந்தது.

வேடத்தைக் காட்டி ஏமாற்றும் களவுக்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொன்னதும் சின்னம்மா பணிந்தது, திருநீற்றைக் கண்டதும் நாயனார் பணிந்ததைப் போன்றதுதான். நம்பினவர் முட்டாள் என்று சேக்கிழார் எழுதவில்லை, நாயன்மார் வரிசையில் வைத்தார். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தத்தன் ஏன் டீச்சர் உள்ள விட்டான்?" அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடைசி வாயிலில் தத்தன் அவனைத் தடுத்தான், அரசர் உறங்குகிறார், சமயம் அறிந்து போக வேண்டும் என்றான். முத்தநாதன் அதை மீறி நுழைந்தான். சந்தேகப்பட்ட காவலன் ஒருவன் இருந்தும் வேடம் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அந்தத் தத்தன், குத்துப்பட்டுக் கிடக்கும் அரசரைப் பார்த்து, "உங்கள் ஊழ்வினை" என்று சொல்லியிருந்தால் கதை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மன்னிப்பு காயம்பட்டவரின் உடைமை. அவர் கொடுக்கலாம். வாயிலில் நின்றவன் அதை அவர் பெயரில் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஊழ் என்ற சொல்லையே நேராக எடுத்து வைத்துப் பேசும் நூல் சிலப்பதிகாரம். அங்கும் நடப்பது ஒரு மோசடிதான். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், சிலம்பு விற்க வந்த கோவலன் மேல் அந்தக் களவைச் சுமத்துகிறான். கொலைக்களத்தில் காவலர்கள் தயங்குகிறார்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அடுக்கிச் சொல்லி அவர்கள் சந்தேகத்தைத் தீர்க்கிறான். இளங்கோவடிகள் இதை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்! ஏமாற்றுகிறவன்தான் ஏமாற்று வித்தையைப் பற்றி அதிகம் விளக்குவான். சின்னம்மாவிடமும், "மோசடிக்காரர்கள் இருக்காங்கம்மா, யார்கிட்டயும் நம்பரைச் சொல்லிடாதீங்க, என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றுதான் அந்தக் குரல் எச்சரித்ததாம்.

கோவலன் சாவுக்கு ஊழ்வினை காரணம் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை. பதிகத்திலேயே சொல்லிவிடுகிறது. முற்பிறப்பில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்லவைத்தான் என்ற கதையும் வருகிறது. நான் பல ஆண்டுகள் இந்தக் காப்பியத்தை மாணவர்களுக்கு நடத்தியிருந்தாலும், அந்தக் கதை எந்த இடத்தில், யாருக்கு, யாரால் சொல்லப்படுகிறது என்பதைச் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கூர்ந்து நினைத்தேன். பாண்டியன் அவையில் அது சொல்லப்படவில்லை. வழக்குரைத்து, சிலம்பு உடைந்து, மாணிக்கம் தெறித்து, அரசன் அரியணையிலேயே உயிர் விட்டு, மதுரையும் தீப்பற்றிய பிறகு, கட்டுரை காதையில், மதுராபதி என்ற தெய்வம் கண்ணகியிடம் தனியாகச் சொல்கிறாள். துக்கத்தைச் சுமப்பவளுக்கு, சுமக்க ஒரு பிடி கிடைக்கட்டும் என்று. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கும் ஊழ் என்ற சொல் தெரியாதிருக்காது. அதை அவன் தன் பாதுகாப்புக்கு எடுக்கவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான், நான் என்ன செய்வேன் என்றும் சொல்லவில்லை. காக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு ஆராயாமல் ஆணையிட்ட தானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டான்.

ஊழும் அறமும் ஒரே காப்பியத்தில் அருகருகே நிற்பதால் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஊழ் என்பது இழந்தவர் தமக்குச் சொல்லிக்கொள்வது. காவல் பொறுப்பில் இருப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது அறம். அண்ணன் செய்தது, இழந்தவர் சொல்ல வேண்டியதைத் தான் எடுத்துச் சொன்னது. வங்கி செய்தது, அதே வார்த்தையைத் தன் கேடயமாக்கிக்கொண்டது.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் கறாராகச் சொல்கிறது. மெய்கண்டார் மரபில் வினை சடம். அதற்கு அறிவில்லை. செய்தவனைத் தேடிப் போய்ப் பற்ற அதனால் ஆகாது, இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான். அப்படியானால் இன்னாருடைய எந்தக் கடன் எப்போது எப்படிக் கழிகிறது என்ற பேரேடு அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அண்ணனுக்கோ எனக்கோ அதைப் பார்க்கும் உரிமை கிடையாது. களவு செய்தவனைக் கடன் வசூலிக்க வந்தவனாக ஆக்கிவிட்டால், அவன் செய்தது பாவமே இல்லை என்றாகிவிடும். நம் சமயம் எந்த இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை. அவன் செய்தது அவனுக்கு ஆகாமியம், புது வினை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

காவல் நிற்பவன் நட்டத்தை ஏற்பது எங்கள் தோட்டத்துக்குப் புதியதல்ல. கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பது இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நான் அதை ஆதரித்து எழுதவில்லை. ஆனால் என் அம்மா காலத்து லயங்களில் அது நடந்த விதம் நினைவிருக்கிறது. முதல் மாதக் கூட்டு, நடத்துகிற அக்காவுக்கு. அந்தச் சலுகைக்கு விலை உண்டு. யாராவது பணம் எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் அந்த அக்கா தன் தாலிக்கொடியை அடகு வைத்தாவது மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். "நீதானே அவளை நம்பின" என்று உறுப்பினர்களைப் பார்த்து அவர் சொல்ல முடியாது. ஆள் சேர்த்தது அவர், ஆதாயம் கண்டது அவர், பொறுப்பும் அவருடையது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் இருந்த இந்த நியாயம், கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது மட்டை தோளில் விழுந்து எலும்பு முறிந்தால், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு பணம் கொடுக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி நடப்பது அது. நீ ஏன் மேலே பார்க்கவில்லை, உன் கவனக்குறைவா, முதலாளியின் தவறா என்று வழக்காடி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் நேர்ந்த விபத்தா என்பதுதான் கேள்வி. எல்லாத் தொழிலாளிகளுக்காகவும் மாதாமாதம் கட்டப்படும் சந்தாவிலிருந்து இழப்பு ஈடு செய்யப்படுகிறது. என் அப்பா காலத்துப் பெரியவர்கள் மரத்தடியில் பாம்பு கடித்தாலும் விதி என்றுதான் சொன்னார்கள். சட்டம் வந்தது, விதி என்று சொல்வதை அவர்கள் நிறுத்தவில்லை, ஆனால் பாரத்தைப் பூர்த்தி செய்து சொக்சோ பணத்தையும் வாங்கினார்கள். இரண்டுக்கும் இடையில் அவர்கள் முரண் காணவில்லை. துன்பம் யார் மேல் விழுந்ததோ அவர் மேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடாமல் பலர் தோள் கொடுத்துத் தூக்குவதுதான் நல அரசு என்பதன் உயிர். மட்டை விழுந்தால் ஒப்புக்கொண்ட இந்த நியாயம், குரல் ஒன்று வந்து விழுந்தால் மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

அதுவும் அந்தக் குரல் நல அரசின் உடையைப் போட்டுக்கொண்டு வரும்போது. சின்னம்மா வங்கிக் கணக்கைத் தேடிப் போகவில்லை, அது அவரைத் தேடி வந்தது. ஒரு காலத்தில் சம்பள நாளில் கிராணி மேசை போட்டு உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டுக் காசை எண்ணிக் கையில் கொடுப்பார். பிறகு சம்பளம் வங்கிக்குப் போனது. அரசின் ரஹ்மா உதவித்தொகையும் கணக்கில் விழுகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் அரசு கொடுத்த 100 வெள்ளியும் மைகார்டு அடையாள அட்டை வழியாகவே வந்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கில்லாமல், கைப்பேசி இல்லாமல் அரிசி வாங்க முடியாத இடத்துக்கு ஒரு மூதாட்டியைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு, அங்கே ஓநாய் இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது அறமல்ல.

நம்பியதே குற்றம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 10 வெள்ளி 10 வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில் வாங்கினார்கள். தமிழில் பேசி வந்த ஒரு குரலை நம்பிக் கொடுத்த காசு அது. அன்று சந்தேகப்பட்டு முந்தானையில் முடிந்து வைத்திருந்தால் அந்தத் தோட்டம் நம்முடையதாகியிருக்காது. பின்னால் வந்த வேறு குரல்களை நம்பிக் கைசுட்டுக்கொண்டதும் உண்டு. ஆனாலும் நம்பிக்கை இல்லாமல் ஏழைகளால் எதையும் கட்ட முடியாது. அதைக் குற்றமாக்கும் ஒரு சமூகத்தில் பிறகு யார் யாருக்குக் கை கொடுப்பார்கள்?

என் தங்கை மகன் சிரம்பானில் ஒரு வங்கியில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. "பெரியம்மா, ஏமாந்தவங்க எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் அஜாக்கிரதையா இருப்பாங்க. ஏமாந்த மாதிரி நடிக்கிறவனும் வருவான். அந்தக் காசு யாரோடது? மத்த வாடிக்கையாளரோடது" என்றான். இதில் உண்மை இருக்கிறது. நடிப்பவர்கள் வருவார்கள். ஆனால் சாவுச் செலவுக்கு வைத்த பணத்தை, திரும்பி வரும் என்ற துணிவில் அசட்டையாக யாரும் அள்ளிக் கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. விஷயம் வெளியில் தெரிந்த பிறகு சின்னம்மா பட்ட அவமானத்தை அவன் கண்ணால் பார்த்தவன். மற்ற வாடிக்கையாளர் பணம் என்பதும் சரிதான். சொக்சோவிலும் விழாதவர்களுக்காகக் கட்டிய சந்தாதான் விழுந்தவருக்குப் போகிறது.

வேறு நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும் வங்கிகள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உச்சவரம்பு 85,000 பவுண்டு. பணம் புறப்பட்ட வங்கியும் போய்ச் சேர்ந்த வங்கியும் ஆளுக்குப் பாதி. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மறுக்கலாம், ஆனால் முதுமையாலோ நோயாலோ நலிந்து, அதனாலேயே ஏமாந்தவரிடம் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்த வங்கிக்கும் பாதி என்றதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கள்வனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவனும் காவலன்தான் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. பக்கத்தில் சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர் அளவில் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழந்தார்கள். வங்கி அவர்களுக்கு நல்லெண்ணத் தொகையாக முழுவதையும் கொடுத்தது. 2024 டிசம்பர் 16இல் அங்கே பொறுப்பைப் பகிரும் ஏற்பாடு வந்தது. முதலில் வங்கி தன் கடமையைச் செய்ததா என்று பார்க்கிறார்கள், பிறகு தொலைத்தொடர்பு நிறுவனம், கடைசியில்தான் வாடிக்கையாளர். ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது என்பது குறை. ஆனாலும் கேள்வி கேட்கும் வரிசையைத் திருப்பிவிட்டார்கள். நம் ஊரில் அந்த வரிசை இன்னும் ஏமாந்தவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் எண் அனுப்பி உறுதி செய்யும் முறையைக் கைவிடச் சொல்லி வங்கிகளுக்கு அறிவித்தது. ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி, புதிதாகப் பதிவு செய்தால் சில மணி நேரத் தாமதம் என்றெல்லாம் கட்டளையிட்டது. அந்த அக்டோபரில் 997 என்ற அவசர எண்ணும் வந்தது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும் என்பதால், உடனே அந்த எண்ணுக்குச் சொன்னால்தான் வழியில் மடக்க முடியும். சின்னம்மாவுக்கு அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் வெட்கப்பட்ட அந்த நாள்களில் அழைத்திருக்க மாட்டார். ஏமாந்தவரைக் கேவலப்படுத்தும் ஒவ்வொரு வாயும் கள்வனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த நம் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதில் எங்கள் தோட்டத்துக்கே உரிய வேதனை ஒன்று உண்டு. களவுப் பணம் நேராகக் கள்வனிடம் போவதில்லை. சில நூறு வெள்ளிக்குத் தன் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வாடகைக்குக் கொடுக்கும் பையன்களின் கணக்குகள் வழியாகத்தான் போகிறது. நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒருவன் இதில் மாட்டினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், அட்டையை மட்டும்தான் குடுத்தேன்" என்றான். திருவிழாவில் அலகு குத்திக் காவடி எடுத்தவன். 2024இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இப்படிக் கணக்கைக் கொடுப்பதே தனிக் குற்றம். சட்டம் இருக்கட்டும். ஏதோ ஒரு ஊரில் இன்னொரு சின்னம்மாவின் சாவுப்பணம் அவன் பெயரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. இந்தப் பையனிடமும், "அந்தக் கிழவியோட கர்மம்" என்று சொல்லி அனுப்பிவிட முடியுமா? முடியாதென்றால், அவனிடம் சொல்ல முடியாததை வங்கிக்காக மட்டும் ஏன் சொல்கிறோம்? கோயில் கூட்டத்தில் இதைக் கேட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப ஆறுதலா என்னதாம்மா சொல்றது?" என்றார். உண்மையான கேள்வி அது. முதலில் கூட வாருங்கள், போலீசுக்கும் வங்கிக்கும் துணைக்கு நில்லுங்கள், இழந்தவர் தானாக ஊழ் என்று சொன்னால் தலையாட்டுங்கள் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு சிரம்பானுக்கு வந்தார்.

வங்கியின் பதிலை ஏற்காதவர்கள் கட்டணமில்லாமல் முறையிட, 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு ஒன்று செயல்படுகிறது. முன்பிருந்த இரண்டு அமைப்புகளை இணைத்து ஏற்படுத்தியது. பாரத்தை நிரப்பிச் சின்னம்மா முன்னால் வைத்தபோது அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். பணத்தின் மேல் ஆசையில்லாமல் அல்ல. "கழிஞ்ச கடன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப அது திரும்பி வந்தா, கடனும் திரும்பி வந்துருமே? அடுத்த ஜென்மத்துக்கு வேணாம் தாயி" என்றார்.

இந்தக் கேள்விக்கு எந்தச் சட்ட வல்லுநரிடமும் பதில் கிடைக்காது. நான் அவருக்குக் கண்ணகியைத்தான் சொன்னேன். மதுராபதி அவளிடம் பழம்பிறப்பைச் சொன்னாள், கோவலன் பட்டது பழவினை என்றாள். ஆனால் நீ அரசன் வாயிலில் போய் நின்று வழக்குரைத்தது தவறு என்று அந்தத் தெய்வம் சொல்லவில்லை. நீதி கேட்டதால் உன் வினை கூடிவிட்டது என்றும் சொல்லவில்லை. துக்கம் உன்னுடையது, சின்னம்மா, அதை நீ எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் எழுதிக்கொள். காவல் அவர்களுடையது, அந்தக் கணக்கை அவர்கள் காட்டட்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டு, தமிழில் கையெழுத்திட்டார்.